ஆய்வில் சொல்லும் 120-உம் வீட்டு மெஷினில் வரும் 120-உம் ஒன்றா?

ஈசூன்_தொண்டூழியர் (கேள்வி)

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்து மூத்தோர் நிலையத்தில் இரத்த அழுத்தம் பற்றித் தமிழில் ஒரு பகிர்வு நடத்தவிருக்கிறோம். வருபவர்கள் பெரும்பாலும் 60 முதல் 80 வயதுக்காரர்கள். நிறைய பேருக்கு நீரிழிவும் உண்டு, சிலர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள். பலர் வீட்டிலேயே மெஷினில் பார்த்து நோட்டில் எழுதி வருகிறார்கள்.

மூன்று சந்தேகங்கள். ஸ்பிரிண்ட் என்ற அமெரிக்க ஆய்வைச் சொல்லி, "மேல் அளவு 120-க்குக் கீழே போனால்தான் இதயம் தப்பும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பலதுறை மருந்தகத்தில் அவர்களுக்குச் சொன்ன இலக்கோ 130 அல்லது 140. அந்த 120-ஐ வீட்டு நோட்டில் தேடலாமா? அடுத்து, அந்த ஆய்வில் "25 விழுக்காடு ஆபத்து குறைந்தது" என்பதை மூத்தோருக்கு எப்படிச் சரியாகச் சொல்வது? மூன்றாவதாக, ஓரிருவருக்கு மருத்துவமனையிலிருந்து ஆய்வில் சேர அழைப்பு வந்திருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் அவர்கள் என்னென்ன கேட்க வேண்டும்?

"மருத்துவரைக் கேளுங்கள்" என்பதை எப்படியும் சொல்லத்தான் போகிறோம். அதற்கு மேல் எண்களோடு விளக்கம் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

---

தாதி_மீனா

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அந்த 120 அளந்த விதத்தோடு சேர்ந்த எண். விதத்தைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் தவறாகிவிடும்.

ஸ்பிரிண்டில் பயன்படுத்தியது ஆம்ரான் 907 என்ற தானியங்கிக் கருவி. முதுகு சாய்ந்து, பேசாமல் 5 நிமிடம் உட்கார வைத்து, பிறகு கருவி தானே 3 முறை அளந்து சராசரி காட்டும். அந்தச் சராசரிதான் கணக்கில் சேர்ந்தது. வழக்கமான மருந்தக வரிசையில் இப்படி நடப்பது அரிது. படியேறி வந்தவர், எண் கூப்பிட்டதும் எழுந்து ஓடி வந்தவர், கைப்பட்டை சுற்றும்போதே பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசுபவர் என்று எல்லோருக்கும் மேல் அளவு ஏறித்தான் வரும். ஸ்பிரிண்டில் இருந்தவர்களுக்கே, ஆய்வுக்கு வெளியே சாதாரண மருத்துவ வருகைகளில் பதிவான அளவுகளை எடுத்துப் பின்னர் ஒப்பிட்டார்கள். 120-ஐ நோக்கிப் போன குழுவில் வெளி அளவு சராசரியாக 7 வரை கூடுதலாக இருந்தது.

வீட்டில் பார்ப்பதற்கு முறை இது. காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்துவிட்டு, காப்பிக்கும் பசியாறுவதற்கும் மாத்திரைக்கும் முன்னால். மாலையில் இரவு உணவுக்கு முன்போ படுக்கப் போகும் முன்போ. எதைத் தேர்ந்தாலும் தினமும் அதே நேரம். 5 நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். பாதங்கள் தரையில் இருக்கட்டும், கால்மேல் கால் வேண்டாம். கைப்பட்டையின் நடுப்பகுதி இதயத்தின் உயரத்தில் இருக்கும்படி முன்கை மேசைமேல் கிடக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் 2 தடவை. இப்படி 7 நாள். முதல் நாளின் எண்களை விட்டுவிட்டு மீதியுள்ள 24 அளவுகளுக்குச் சராசரி போடுங்கள். 7 நாள் முடியாதவர்கள் குறைந்தது 3 நாளாவது பார்க்க வேண்டும்.

அந்தச் சராசரி 135/85 என்றால் மருந்தகத்தில் 140/90-க்குச் சமம் என்று எடுத்துக்கொள்கிறோம். கீழே வரவர இந்த இடைவெளி குறையும். 130/80 பக்கம் வந்தால் வீடும் மருந்தகமும் ஏறக்குறைய ஒன்றே.

மூத்தோர் நிலையங்களில் பார்க்கும்போது தவறுவது பெரும்பாலும் கையில்தான். 2024-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஒரே ஆட்களை மூன்று விதமாக உட்கார வைத்து அளந்தார்கள். கையை மடியில் வைத்தால் மேல் அளவு சுமார் 4 கூடியது. பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6.5 கூடியது. கைப்பட்டையின் அளவு இன்னும் பெரிய விஷயம். பெரிய பட்டை தேவைப்படுபவருக்கு நடுத்தரப் பட்டை போட்டால் ஏறக்குறைய 5 கூடுதலாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவருக்கு நடுத்தரப் பட்டையையே போட்டால் 20 வரை ஏறும். மருந்து மாற்றும் அளவுக்கான தவறு இது! ஒரு தையல் டேப் வாங்கி, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்து ஒவ்வொருவர் நோட்டின் முதல் பக்கத்திலும் எழுதிக் கொடுங்கள். பட்டையில் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டர் வரம்புக்குள் அது வருகிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

சேலை கட்டும் அம்மாக்களுக்கு ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தால் அதன்மேல் பட்டை சுற்றவும் கூடாது, துணியை மேலே சுருட்டி இறுக்கவும் கூடாது. சுருட்டிய துணி கயிறு போல அழுத்தும். தளர்ந்த கையுள்ள ரவிக்கை போட்டு வரச் சொல்லி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மணிக்கட்டில் கட்டும் மெஷின்களை நான் பரிந்துரைப்பதில்லை. கையின் உயரம் சிறிது மாறினாலும் எண் மாறிவிடும்.

முதல் முறை இரண்டு கைகளிலும் பாருங்கள். மேல் அளவு எந்தக் கையில் தொடர்ந்து கூடுதலோ இனி அந்தக் கையில்தான் அளக்க வேண்டும். வித்தியாசம் 10-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: நின்று பார்ப்பது. உட்கார்ந்து அளந்த பிறகு எழுந்து நிற்க வைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் அளக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் விழும் ஆபத்து உள்ளவர் என்று பொருள். ஸ்பிரிண்டில் நின்று 1 நிமிடத்தில் மேல் அளவு 110-க்குக் கீழே வந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. வாட்ஸ்அப் செய்தியில் இந்த வரி இருக்காது.

180/120 அல்லது அதற்கு மேல் வந்தால் 5 நிமிடம் விட்டு மறுபடி அளக்கவும். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இவற்றில் ஏதாவது கூடவே இருந்தால் மறுபடி அளந்து கொண்டிருக்க வேண்டாம், உடனே 995-இல் ஆம்புலன்ஸை அழையுங்கள். அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் அப்படியே நின்றால் அன்றே மருந்தகத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். தானாகக் கூடுதல் மாத்திரை போடக் கூடாது.

---

எண்கணக்கர்

மீனா அக்கா அளவைச் சொல்லிவிட்டார். "25 விழுக்காடு" என்பதையும், யாரை வைத்து அந்த எண் வந்தது என்பதையும் நான் சொல்கிறேன்.

ஸ்பிரிண்ட் 2015-இல் வெளிவந்தது. 9,361 பேர், எல்லோரும் 50 வயதுக்கு மேல், மேல் அளவு 130 முதல் 180 வரை, இதய நோய் ஆபத்து கூடுதலாக உள்ளவர்கள். ஒரு பாதிக்கு இலக்கு 120-க்குக் கீழே, மறுபாதிக்கு 140-க்குக் கீழே. 5 ஆண்டு நடக்க வேண்டியது, பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஏறக்குறைய 3.3 ஆண்டில் நிறுத்தினார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இதய நோயால் மரணம் போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு 2.19 விழுக்காடாக இருந்தது 1.65 ஆகக் குறைந்தது. 25 விழுக்காடு என்பது 2.19-உடன் ஒப்பிட்டால் எவ்வளவு குறைந்தது என்ற விகிதம்.

மூத்தோரிடம் விகிதத்தைச் சொல்லாதீர்கள். "எனக்கு 25 விழுக்காடு ஆபத்து இருக்கிறது" என்றோ "நூறில் 25 பேர் பிழைத்தார்கள்" என்றோதான் காதில் விழும். ஆயிரம் பேரை வைத்துச் சொல்லுங்கள். 140 இலக்கில் இருந்த 1,000 பேரில் அந்த மூன்றேகால் ஆண்டில் 68 பேருக்கு ஏதாவது ஒன்று வந்தது. 120 இலக்கில் 52 பேருக்கு வந்தது. ஆயிரத்தில் 16 பேர் தப்பினார்கள். வேறு மாதிரிச் சொன்னால், 61 பேரை அந்தக் காலம் முழுக்கத் தீவிரமாகக் கவனித்தால் ஒருவருக்கு வரவிருந்தது தடுக்கப்படுகிறது.

அதே மூச்சில் மறுபக்கத்தையும் ஆயிரத்திலேயே சொல்ல வேண்டும். ஒன்றை விழுக்காட்டிலும் மற்றதை ஆயிரத்திலும் சொல்வது நேர்மையாகாது. கடுமையான பாதகமாகப் பதிவானவை: அழுத்தம் மிகவும் தாழ்ந்தது 14-லிருந்து 24 ஆனது, மயங்கி விழுந்தது 17-லிருந்து 23, திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு 25-லிருந்து 41. சிறுநீரகப் பாதிப்புகளில் பெரும்பாலானவை மிதமானவை, பின்னர் சரியாகிவிட்டன. காயம் ஏற்படும்படி விழுந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். இவ்வளவையும் சொன்ன பிறகும் 120 பக்கம்தான் தராசு சாய்கிறது என்பது என் கருத்து, ஏனென்றால் எல்லாக் காரணங்களாலும் ஏற்பட்ட மரணமும் 27 விழுக்காடு குறைந்தது. ஆனால் இது அந்த ஆய்வில் சேரத் தகுதியுள்ளவர்களுக்கு. முன்கூட்டியே நிறுத்தப்படும் ஆய்வுகள் பலனைச் சற்றுப் பெரிதாகக் காட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தகுதி என்றேன் அல்லவா, உங்கள் நிலையத்துக்கு அதுதான் முக்கியம். ஸ்பிரிண்டில் நீரிழிவு உள்ளவர்கள் ஒருவர்கூட இல்லை. பக்கவாதம் வந்தவர்கள் இல்லை. முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் இல்லை. உங்கள் நிலையத்தில் நீரிழிவுள்ள அத்தனை பேருக்கும் அந்த வாட்ஸ்அப் செய்தி நேரடியாகப் பொருந்தாது.

நீரிழிவுக்காரர்களுக்கு முதலில் வந்தது 2010-இன் அக்கார்ட் ஆய்வு, 4,733 பேர், அதே 120 எதிர் 140. மொத்தக் கணக்கில் வித்தியாசம் உறுதிப்படவில்லை. பக்கவாதம் மட்டும் ஆண்டுக்கு 0.53-லிருந்து 0.32 விழுக்காடாகக் குறைந்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைவானவர்களுக்கே நிகழ்வுகள் வந்ததால் வித்தியாசத்தைக் காட்ட ஆய்வுக்குப் போதிய பலம் இல்லை. "பலன் இல்லை" என்று இதைச் சுருக்கிச் சொல்வது தவறு. பிறகு 2024-இல் சீனாவில் நடந்த பிப்ரோட் ஆய்வு 12,821 நீரிழிவுக்காரர்களிடம் அதே கேள்வியைக் கேட்டது. ஆண்டுக்கு 100 பேரில் 2.09 ஆக இருந்தது 1.65 ஆனது, 21 விழுக்காடு குறைவு. அறிகுறியுடன் கூடிய தாழ் அழுத்தமும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவதும் கூடின. அதே ஆண்டு வந்த எஸ்ப்ரிட் ஆய்வில், இதுவும் சீனா, 11,255 பேர், நீரிழிவும் பழைய பக்கவாதமும் உள்ளவர்களையும் சேர்த்தார்கள். 12 விழுக்காடு குறைவு. மயக்கம் 0.1-லிருந்து 0.4 விழுக்காடானது. 60 முதல் 80 வயதினருக்கான ஸ்டெப் ஆய்வோ 110–130 எதிர் 130–150 என்று இலக்கு வைத்தது. அதிலும் தாழ்ந்த இலக்குக்கே பலன்.

இப்போது நம் மக்களுக்கு வருவோம். இந்தப் பெரிய ஆய்வுகளில் தெற்காசியர்கள் மிகக் குறைவு. மாரடைப்புக் காரணங்களை 52 நாடுகளில் பார்த்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடுவயது 53, மற்றவர்களுக்கு 58.8. ஏறக்குறைய 6 ஆண்டு முன்னதாக வருகிறது. ஆகவே தமிழர்கள் கூடும் நிலையத்தில் 70 வயதுக்காரரின் இலக்கைப் பற்றி மட்டும் பேசாமல், கூட வரும் 45 வயது மகனையும் மகளையும் உட்கார வைத்து அளப்பது அதிகப் பலன் தரும் என்று நினைக்கிறேன். தெற்காசியாவில் நடந்த நல்ல ஆய்வு கோப்ரா-பிபிஎஸ். இங்குள்ள டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியின் பேராசிரியர் தஸீன் ஜாஃபர் தலைமையில் வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை கிராமங்களில் 2,645 பேரிடம் நடந்தது, 2020-இல் வெளிவந்தது. சமூகச் சுகாதார ஊழியர்கள் வீட்டுக்கே போய் அளந்து, ஆலோசனை சொல்லி, தேவைப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். 2 ஆண்டில் மேல் அளவு மற்றக் குழுவைவிட 5.2 கூடுதலாக இறங்கியது. தொண்டூழியர்கள் படிக்க வேண்டிய ஆய்வு அது.

---

ஹவ்காங்_வாசகர்

அப்படியானால் வீட்டு எண்ணிலிருந்து 7-ஐக் கழித்துவிட்டு ஸ்பிரிண்ட் எண் என்று வைத்துக்கொள்ளலாமா?

---

தாதி_மீனா

கூடாது. அந்த 7 ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி, அதுவும் மருந்தக அளவுக்கும் ஆய்வு அளவுக்கும் இடையில். வீட்டு அளவைப் பற்றியதே அல்ல. ஒருவருக்கு அந்த வித்தியாசம் 20 இருக்கலாம், இன்னொருவருக்கு எதிர்ப்பக்கமாகவே இருக்கலாம். மருந்தகத்தில் சாதாரணமாக இருந்து வீட்டில் ஏறுபவர்களும் உண்டு, அவர்களைக் கண்டுபிடிக்கத்தான் வீட்டு நோட்டே. முறையாக அளந்த சராசரியை அப்படியே எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள், கணக்கு மருத்துவருடையது.

---

மருந்தாளர்_ரஹீம்

எண்கணக்கர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 120-ஐ எட்ட ஸ்பிரிண்டில் ஒருவருக்குச் சராசரியாக 2.8 வகை மருந்து தேவைப்பட்டது. 140 குழுவுக்கு 1.8. முதல் 3 மாதம் மாதந்தோறும் வருகை, பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை, இடையிடையே இரத்தப் பரிசோதனை, மருந்து இலவசம். 6 மாதத்துக்கு ஒருமுறை மட்டும் மருந்தகம் போகிறவர் அதே இலக்கை வைத்துக்கொண்டால் பலனைவிடப் பாதகம் முன்னால் வந்து நிற்கும்.

இங்கே மூத்தோர் பையில் அதிகம் காணப்படும் அழுத்த மாத்திரைகள் அம்லோடிபின், லோசார்டான், எனலாப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைட் (நீர் மாத்திரை). அம்லோடிபினில் கணுக்கால் வீங்கும், அளவு 10 மி.கி. ஆகும்போது கூடுதலாக. அதற்கு நீர் மாத்திரை கேட்பது சரியான வழி அல்ல, வீக்கம் உடம்பில் நீர் தேங்கியதால் வருவதில்லை. அளவைக் குறைத்து லோசார்டான் போன்றதைச் சேர்த்தால் பெரும்பாலும் வடியும். எனலாப்ரிலில் வறட்டு இருமல் வரும். இருமல் மருந்தை மாதக்கணக்கில் குடிக்காமல் மாத்திரையை மாற்றச் சொல்ல வேண்டும். லோசார்டான், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் (பொட்டாசியத்தைத் தேக்கும் நீர் மாத்திரை) தொடங்கினாலோ அளவு கூட்டினாலோ சில வாரங்களுக்குள் இரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் பார்க்க வேண்டும். அந்த நாளைத் தவறவிடுவதுதான் சிக்கலின் ஆரம்பம்.

இந்தியர்களுக்கு எந்த இரண்டு மருந்தைச் சேர்ப்பது என்று ஒரு நல்ல ஆய்வு 2024-இல் வந்தது, டாப்ஸ்பின். இந்தியாவில் 1,981 பேர். அம்லோடிபின்–பெரிண்டோப்ரில், அம்லோடிபின்–இண்டபமைட், பெரிண்டோப்ரில்–இண்டபமைட் என்று மூன்று ஜோடிகள். 6 மாதம் கழித்து 24 மணி நேர அளவு மூன்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரை வேறு, தன் மாத்திரை வேறு என்று கவலைப்படுபவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

மருந்து போட்டும் இறங்கவில்லை என்றால் முதலில் பையைத் திறந்து பாருங்கள். மூட்டுவலிக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் இரண்டும் அழுத்தத்தை ஏற்றும். லோசார்டானும் நீர் மாத்திரையும் ஏற்கெனவே உள்ளவருக்கு அதுவும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்க அடி. மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் ஏற்றும். தண்ணீரில் போட்டுக் கரைக்கும் நுரை மாத்திரைகளில் சோடியம் உண்டு. தேக்காவில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் அதிமதுரத்தைத் தினமும் கஷாயம் வைத்துக் குடித்தால் அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், இதயத் துடிப்பே தடுமாறலாம். இருமலுக்காக அதிமதுரம் குடிப்பவரின் இருமல் எனலாப்ரிலால் வந்ததாக இருந்தால் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் நீர் மாத்திரையையும் லோசார்டான் வகையையும் தொடரலாமா என்பதை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு நோட்டில் எழுதி வாங்குங்கள். தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பவர்கள், நோன்பு இருப்பவர்கள், வெயிலில் நெடுநேரம் நிற்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். மயங்கி விழுந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

---

ஆய்வுப்பிரிவு_கவிதா

மூன்றாவது கேள்வி. ஆய்வு ஒருங்கிணைப்புத் தரப்பிலிருந்து சொல்கிறேன்.

மருந்தைச் சோதிக்கும் ஆய்வுக்கு இங்கே இரண்டு வாசல்கள் உண்டு. மருத்துவமனைக் குழுமத்தின் நெறிமுறை மறுஆய்வுக் குழு ஒன்று, சுகாதார அறிவியல் ஆணையம் இன்னொன்று. தகவல் தாளில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் அச்சிட்டிருக்கும். அது இல்லாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். பெரும்பாலான ஆய்வுகளுக்குப் பொதுப் பதிவேட்டு எண்ணும் உண்டு. அமெரிக்கப் பதிவேடாக இருந்தால் என்சிடி எனத் தொடங்கி 8 இலக்கம் வரும். வீட்டில் பிள்ளைகளை விட்டு அதைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை பேர், எவ்வளவு காலம், முதன்மையாக எதை அளக்கிறார்கள் என்பது அங்கே இருக்கும்.

தாளைத் தமிழில் கேட்கலாம், கேட்க வேண்டும். வாயால் மொழிபெயர்த்துச் சொன்னால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். நெறிமுறைக் குழு ஏற்ற தமிழ்ப் பதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். படிக்க முடியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் விளக்கம் தொடங்கி முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடப்பட்டவர் சாட்சி ஆகமாட்டார். தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்வதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். நல்ல ஆய்வுக் குழு அதை வரவேற்கும்.

இரத்த அழுத்த ஆய்வுகளில் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது: இப்போது போடும் மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா? சில ஆய்வுகளில் தொடக்கத்தில் 2 முதல் 4 வாரம் பழைய மருந்தை விட்டுப் பார்க்கும் கட்டம் இருக்கும். அந்த வாரங்களில் யார் அளப்பார்கள், எந்த எண்ணைத் தாண்டினால் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள், இரவில் யாரை அழைப்பது என்று மூன்றையும் எழுதி வாங்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் சேரவே கூடாது.

அடுத்தது, எந்தக் குழுவில் போவேன் என்பது. கணினி குலுக்கலில் முடிவாகிறது. மருத்துவருக்குத் தெரிந்தவர் என்பதால் புதிய மருந்து கிடைக்காது. மருந்து எதுவும் இல்லாத வெற்று மாத்திரைக் குழு என்றால் அது வழக்கமான மருந்துக்குப் பதிலா, வழக்கமான மருந்தோடு கூடுதலாகவா? இந்த ஒரு சொல்லில் எல்லாம் மாறுகிறது. பெரும்பாலான இன்றைய ஆய்வுகளில் கூடுதலாகத்தான், ஆனால் தாளில் எழுதியிருப்பதுதான் கணக்கு.

பிறகு நடைமுறை. எத்தனை வருகை, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிலிட்டர் இரத்தம், 24 மணி நேர மெஷின் கட்ட வேண்டுமா (இரவு முழுக்க 30 நிமிடத்துக்கு ஒருமுறை அது இறுக்கும், தூக்கம் கெடும்), போக்குவரத்துக்கு எத்தனை வெள்ளி, ஆய்வினால் உடல்நலக் குறைவு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, ஆய்வு முடிந்த பிறகு மருந்து தொடருமா. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது. விலகுமுன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கடைசிப் பரிசோதனைக்கு மட்டும் வந்து போவது அவரது பாதுகாப்புக்கே நல்லது.

சேர்ந்தவர் தன் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ ஆய்வு அட்டையைக் காட்ட வேண்டும். இது தவறும்போது நடப்பது: ஆய்வில் கொடுத்த மாத்திரையில் ஏற்கெனவே அம்லோடிபின் இருக்கும், மருந்தகத்தில் தெரியாமல் இன்னொன்று எழுதுவார்கள். ரஹீம் அண்ணன் சொன்ன கஷாயங்களையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தெற்காசியர்கள் ஆய்வுகளில் குறைவு என்று எண்கணக்கர் எழுதியது முழு உண்மை. மொழி புரியாமல் மறுப்பவர்கள் நிறைய. புரிந்து மறுப்பது அவர் உரிமை, புரியாமல் மறுக்கும் நிலைக்கு நாம்தான் பொறுப்பு.

---

ஈசூன்_தொண்டூழியர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது. இன்னும் இரண்டே: மாத்திரையை இரவில் போட்டால்தான் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா? சோடியம் குறைந்த உப்பை எல்லோருக்கும் பரிந்துரைக்கலாமா?

---

எண்கணக்கர்

இரவு மாத்திரை: பிரிட்டனில் 21,104 பேரை 5 ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்த டைம் ஆய்வு 2022-இல் வந்தது. மாலையில் போட்டவர்களில் 3.4 விழுக்காடு, காலையில் போட்டவர்களில் 3.7. வித்தியாசம் இல்லை என்றே பொருள். மறக்காமல் போட முடிகிற நேரம்தான் நல்ல நேரம்.

---

மருந்தாளர்_ரஹீம்

நீர் மாத்திரையை மட்டும் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் போட்டால் இரண்டு மூன்று தடவை கழிப்பறைக்கு எழுந்து, இருட்டில் விழுகிறார்கள்.

உப்பு: சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்த ஆய்வில் 75 விழுக்காடு சோடியம் குளோரைடும் 25 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. நல்ல பலன், மலிவான வழி. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களையும் பொட்டாசியத்தைத் தேக்கும் நீர் மாத்திரை போடுபவர்களையும் அதில் சேர்க்கவில்லை. ஆகவே ஸ்பைரோனோலாக்டோன் போடுபவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள் தொடக் கூடாது. லோசார்டான், எனலாப்ரில் போடுபவர்கள் கடைசிப் பொட்டாசியம் முடிவைக் காட்டிக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். பொட்டாசியம் ஏறுவது வெளியே தெரியாது, நேராக இதயத் துடிப்பில்தான் காட்டும்.

வீட்டுச் சமையல் உப்பை மாற்றினாலும் காப்பிக்கடையிலும் உணவங்காடியிலும் சாப்பிடுபவருக்குப் பாதிதான் மாறும். நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு, அதாவது 2,000 மி.கி. சோடியம் என்பது வரம்பு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே சுமார் 900 மி.கி. இருக்கிறது. நூடல்ஸ் சூப்பைக் குடிக்காமல் விடுவது, மீன் குழம்பைச் சோற்றின்மேல் ஊற்றாமல் ஓரமாகக் கேட்பது, அப்பளம் ஊறுகாய் இரண்டில் ஒன்றை மட்டும் தட்டில் வைப்பது என்று தொடங்கச் சொல்லுங்கள்.

---

தாதி_மீனா

பகிர்வு நாளுக்கு ஒன்று மட்டும். அளக்கும் மேசையை வரிசைக்குப் பக்கத்தில் போடாதீர்கள். தள்ளி இரண்டு நாற்காலி போட்டு, அடுத்து வருபவர் 5 நிமிடம் அங்கே பேசாமல் உட்காரட்டும். ஒருவருக்கு 10 நிமிடம் ஆகும், இரண்டு மெஷின் இருந்தால் மணிக்கு 12 பேர். மெஷின் "சீரற்ற துடிப்பு" அடையாளம் காட்டினால் 3 தடவை அளந்து சராசரி எழுதி, அடையாளம் வந்ததையும் நோட்டில் குறித்து, இசிஜி எடுக்கச் சொல்லி மருந்தகத்துக்கு அனுப்புங்கள்.